லகோடாவில் ஓர் எழுத்துப்பிழை

அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்ட் ஊரில் ஒரு கப்பல் கட்டடத்துக்குள் நிற்கிறது. 89 அடி நீளம். பாய்மரம், கயிறு, திமிங்கலப் படகுகள், கொழுப்பு உருக்கும் அடுப்பு எல்லாமே அசல் கப்பலில் இருந்ததில் சரிபாதி அளவு. ஏறிப் பார்க்கலாம். குழந்தைகள் மேல்தளத்தில் ஓடுகிறார்கள், யாரும் அதட்டுவதில்லை.

கப்பலின் பெயர் லகோடா. ரஷ்யாவில் இருக்கும் லடோகா ஏரியின் பெயரைத்தான் வைக்க நினைத்தார்களாம். 1826ல் அசல் கப்பலைக் கட்டியபோது பெயரை எழுதியவர் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றிவிட்டார். வைத்த பெயரை மாற்றினால் கப்பலுக்கு ஆகாது என்பது மாலுமிகளின் நம்பிக்கை. அதனால் அப்படியே விட்டுவிட்டார்கள். 90 வருடம் கழித்து, 1916ல், இந்த அரை அளவுக் கப்பலைக் கட்டி முடித்தவர்களும் அந்தப் பிழையைத் திருத்தவில்லை.

போஸ்டனில் ஆறு மாத ஆன்சைட் வேலையில் இருந்தபோது ஒரு சனிக்கிழமை நண்பனோடு அங்கே போயிருந்தேன். தெற்கே ஒரு மணி நேரக் கார் பயணம். இந்தக் கதையைக் கேட்டதும் நான் சொன்னது: "நானா இருந்தா முதல் வேலையா இதை ஃபிக்ஸ் பண்ணியிருப்பேன்." நண்பன் சிரித்துவிட்டு, "நீ பண்ணியிருப்ப. உனக்குத்தான் அது பழக்கமாச்சே," என்றான்.

அவன் எதைக் குத்திக்காட்டினான் என்பது எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

*

நியூ பெட்ஃபோர்ட் ஒரு காலத்தில் உலகின் திமிங்கல வேட்டைத் தலைநகரம். 1857ல் மட்டும் அந்த ஊரின் கப்பல் கணக்கு 329. ஏறத்தாழ 10,000 பேர் அவற்றில் வேலை பார்த்தார்கள். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் தலையிலிருந்து எடுத்த எண்ணெய் வீட்டு விளக்கிலும் கலங்கரை விளக்கத்திலும் எரிந்தது. ஆலை இயந்திரங்களுக்கு உயவு எண்ணெயாகவும் போனது. 1859ல் பென்சில்வேனியாவில் பூமியிலிருந்து எண்ணெய் எடுக்க ஆரம்பித்ததும் இந்தத் தொழிலுக்கு நாள் குறிக்கப்பட்டது. உடனே சாகவில்லை, இழுத்துக்கொண்டே கிடந்தது. 1871 செப்டம்பரில் அலாஸ்காவின் வடக்குக் கரையில் 33 கப்பல்கள் பனியில் மாட்டிக்கொண்டன. 1,200க்கும் மேற்பட்டவர்கள் கப்பல்களை விட்டுவிட்டுச் சிறு படகுகளில் தப்பினார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை, ஆனால் ஊருக்குப் பெரும் நஷ்டம்.

1903ல், தொழில் ஏறக்குறைய முடிந்துபோன நிலையில், ஊர்க்காரர்கள் கூடி ஒரு வரலாற்றுச் சங்கம் தொடங்கினார்கள். ஓல்டு டார்ட்மத் ஹிஸ்டாரிக்கல் சொசைட்டி என்று பெயர். இன்றைய நியூ பெட்ஃபோர்ட் திமிங்கல வேட்டை அருங்காட்சியகம் அதிலிருந்து வந்ததுதான். அரசாங்கம் கட்டியதல்ல, பல்கலைக்கழகம் கட்டியதுமல்ல. பரணில் தாத்தாவின் பெட்டி கிடக்கிறது, என்ன செய்வது என்று தெரியாத குடும்பங்கள் கொண்டுவந்து கொடுத்தவற்றால் வளர்ந்த இடம். லகோடாவின் சொந்தக்காரர் ஜொனதன் போர்ன். அவருடைய மகள் எமிலி போர்ன் அப்பாவின் நினைவாகக் கொடுத்த கொடைதான் அந்த அரைக் கப்பலும் அது நிற்கும் கட்டடமும்.

ஏன் அரை அளவு? முழுக் கப்பலை வைத்துக் காப்பாற்றுவது லேசான காரியமில்லை. அந்த ஊரிலேயே 1841ல் கட்டப்பட்ட சார்லஸ் டபிள்யூ. மார்கன் என்ற கப்பல் 80 வருடங்களில் 37 வேட்டைப் பயணங்கள் போய்வந்தது. ஓய்வுபெற்ற பிறகு பக்கத்து ஊரில் ஒரு செல்வந்தர் கொஞ்ச காலம் அதை வைத்துப் பார்த்துக்கொண்டார். அவர் இறந்த பின் பராமரிக்க ஆளில்லை. 1941ல் கனெக்டிகட் மாநிலத்தின் மிஸ்டிக் துறைமுக அருங்காட்சியகத்துக்கு இழுத்துச் சென்றுவிட்டார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறது. 2014ல் புதுப்பித்து, 38வது பயணம் என்று ஒன்றை நடத்தியபோது பிறந்த ஊருக்கு வந்து தலைகாட்டிவிட்டுப் போனது. புகுந்த வீட்டுப் பெண் மாதிரி.

ஆக, நியூ பெட்ஃபோர்டிடம் அசல் கப்பல் இல்லை. மிஞ்சியது காகிதம்.

*

காகிதம் என்று நான் சொல்வது லாக் புக்கை. எங்கள் தொழிலிலும் 'லாக்' என்ற வார்த்தை ஒரு நாளைக்கு நூறு தடவை வரும். சர்வர் விழுந்தால் முதலில் கேட்பது "லாக்ல என்ன இருக்கு?" என்றுதான். அந்த வார்த்தை கடலிலிருந்து வந்தது. லாக் என்றால் மரக்கட்டை. கப்பலின் வேகத்தை அளக்க, முடிச்சுகள் போட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் எறிவார்கள். குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை முடிச்சு கைவிட்டுப் போனது என்று எண்ணி ஒரு புத்தகத்தில் எழுதுவார்கள். அது லாக் புக். கம்ப்யூட்டருக்கு வரும்போது கட்டையும் போய்விட்டது, கயிறும் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

திமிங்கலக் கப்பலின் லாக் புக்கைப் பெரும்பாலும் துணைத்தலைவர், அதாவது முதல் மேட், எழுதுவார். காற்று எந்தத் திசை, எவ்வளவு பலம், கப்பல் எங்கே போகிறது, அட்சரேகை, தீர்க்கரேகை, என்ன பாய் கட்டியிருக்கிறது. திமிங்கலம் பிடித்தால் மையில் தோய்த்த ஒரு முத்திரையை ஓரத்தில் குத்துவார். திமிங்கல வடிவ முத்திரைக்குள் வெள்ளையாக ஒரு இடம் விட்டிருக்கும். எத்தனை பீப்பாய் எண்ணெய் கிடைத்தது என்று அதில் எழுதுவார். தப்பித்துப் போனால் வால் மட்டும் தெரியும் முத்திரை. மூன்று வருடம், நான்கு வருடம் ஓடும் பயணத்தில் பல பக்கங்கள் ஒரே மாதிரி இருக்கும். காற்று, பாய், ஒன்றும் இல்லை. காற்று, பாய், ஒன்றும் இல்லை.

இந்த அருங்காட்சியகத்தில் 2,000க்கும் மேற்பட்ட லாக் புக்குகள் இருக்கின்றன. ஷாரன் என்ற ஊரில் தனியாக இருந்த கெண்டல் திமிங்கல அருங்காட்சியகம் 2001ல் இதனுடன் இணைந்தபோது அதன் சேகரிப்பும் சேர்ந்துகொண்டது. திமிங்கல வேட்டை லாக் புக்குகளுக்கு உலகிலேயே பெரிய தொகுப்பு இதுதான். சேர்ந்ததைவிடத் தப்பியது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். கெட்டி அட்டை, நல்ல தாள். பயணம் முடிந்த பிறகு வீட்டில் அது வேறு வேலைக்குப் போனது. பல லாக் புக்குகளில் பிற்காலத்தில் பத்திரிகைத் துணுக்குகளைப் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் பழைய கணக்கு நோட்டில் கோலம் போட்டுப் பழகுவதைப் போல. ஒட்டின துணுக்குக்கு அடியில் பசிபிக் பெருங்கடலின் ஒரு நாள் கிடக்கிறது.

இங்கேதான் ஒரு சமூக அருங்காட்சியகத்தின் தலைவலி ஆரம்பிக்கிறது. நூற்றைம்பது வருடத் தாளைப் புரட்டினால் தேயும். வெளிச்சம் பட்டால் மை மங்கும். புரட்டாமல் வைத்தால் பத்திரம், ஆனால் யாருக்காக? ஊர்க்காரர்கள் கொடுத்த பொருள் ஊர்க்காரர்களுக்கே காட்டப்படாமல் இருட்டில் கிடந்தால் அது பூட்டிப்போட்ட பரண்தானே?

அவர்கள் கண்டுபிடித்த வழி ஒன்றல்ல, அடுக்கடுக்காகப் பல. குழந்தைகளுக்கு அரைக் கப்பல். அது தேய்ந்தால் பழுதுபார்க்கலாம். ஆராய்ச்சியாளர்களுக்கு நூலகமும் அசல் தாளும். இரண்டுக்கும் நடுவில் உள்ள மற்ற எல்லோருக்கும் ஸ்கேன் செய்த பக்கங்கள், இணையத்தில், காசில்லாமல். நான் திமிங்கல லாக் புக் படித்ததெல்லாம் இந்த நடு அடுக்கில்தான், இரவு பதினோரு மணிக்கு மேல், லேப்டாப்பில்.

இந்த அடுக்கு முறைக்கு நல்ல உதாரணம் அவர்களிடம் இருக்கும் ஒரு ஓவியம். 1848ல் பெஞ்சமின் ரஸ்ஸல், கேலப் பரிங்டன் என்ற இருவர் வரைந்தது. திமிங்கல வேட்டைக் கப்பல் ஒன்று உலகைச் சுற்றிவரும் காட்சி. பருத்தித் துணியில் எட்டரை அடி உயரம், 1,275 அடி நீளம். இரண்டு உருளைகளில் சுற்றி, ஊர் ஊராகக் கொண்டுபோய், டிக்கெட் போட்டுக் காட்டினார்கள். சினிமாவுக்கு முந்தைய சினிமா. உருட்டி உருட்டியே நைந்துபோனது. 1918ல் அருங்காட்சியகத்துக்கு வந்த இந்தத் துணி இனி ஒருபோதும் உருளாது. பல வருடம் செப்பனிட்டு, 2018ல் ஊரின் ஒரு பழைய நூல் ஆலையில் முழு நீளத்துக்கும் விரித்து மாட்டி, அனுமதி இலவசம் என்று கூப்பிட்டார்கள். படம் அசையாது, பார்ப்பவர்தான் நடக்க வேண்டும். உருண்டு போகும் அனுபவம் டிஜிட்டல் நகலின் பொறுப்பு.

*

இப்போது என் கதை.

சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் கிடங்குக் கணக்குகளைப் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. பழைய அட்டவணையில் 'ரிமார்க்ஸ்' என்று ஒரு பத்தி. அதில் ஆங்கிலம், தமிழ், தங்கிலீஷ், சுருக்கெழுத்து, வெறும் புள்ளி எல்லாம் கலந்து கிடந்தது. எந்த ஒழுங்கும் இல்லை. எந்த ரிப்போர்ட்டிலும் அது வரவில்லை. கூட்டத்தில் நான்தான் சொன்னேன், இது தேவையில்லை, விட்டுவிடலாம் என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். விட்டுவிட்டேன். பழைய பேக்கப்பும் சில மாதத்தில் விதிப்படி அழிந்தது.

அப்புறம் ஒரு நாள் கிடங்குக் கணக்கர் ஒருவர் போனில் கூப்பிட்டார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கோபமே இல்லாத குரல்.

"தம்பி, அந்த ரிமார்க்ஸ் இப்ப எங்க பாக்கறது?"

"அது புதுசுல இல்லைங்க சார். டேட்டாவா எதுவும் இல்லையே அதுல?"

"பதினோரு வருசமா அதுலதான் தம்பி எல்லாம் எழுதி வச்சேன். எந்தப் பார்ட்டி மூட்டை ஈரமா வரும், எந்த மூலையில மழைக்கு ஒழுகும்... சரி, விடுங்க."

அந்த "சரி, விடுங்க" இன்னும் என் காதில் இருக்கிறது. நண்பன் குத்திக்காட்டியது இதைத்தான்.

அதனால்தான் திமிங்கல லாக் புக்கை அறிவியல் எப்படியெல்லாம் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறது என்று தெரிந்துகொண்டபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

முதலில் படித்தவர்கள் வேட்டைக்காகப் படித்தார்கள். அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த மேத்யூ ஃபான்டெய்ன் மோரி, கப்பல் தலைவர்களிடம் ஒரு ஒப்பந்தம் போட்டார்: உங்கள் லாக் புக் விவரங்களை என் படிவத்தில் எழுதிக் கொடுங்கள், பதிலுக்கு வரைபடங்களை இலவசமாகத் தருகிறேன். அப்படிச் சேர்ந்த தகவலிலிருந்து 1850களில் திமிங்கலங்கள் எங்கே, எந்தப் பருவத்தில் கிடைக்கும் என்ற வரைபடமும் வந்தது. எங்கே போனால் கொல்லலாம் என்பதற்கான கூகுள் மேப்.

1935ல் நியூயார்க் விலங்கியல் சங்கத்தின் சார்ல்ஸ் ஹாஸ்கின்ஸ் டவுன்சென்ட் வேறு கேள்வியோடு வந்தார். 1,665 பயணங்களின் லாக் புக்குகளிலிருந்து 53,877 திமிங்கலங்கள் கொல்லப்பட்ட இடங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக வரைபடத்தில் வைத்தார். திமிங்கலங்கள் எங்கே வாழ்ந்தன என்று தெரிந்துகொள்ள, அவை எங்கே செத்தன என்ற பதிவைத்தான் நம்ப வேண்டியிருந்தது. பாதுகாப்பு ஆய்வாளர்கள் இன்றும் அந்தப் புள்ளிகளுக்குத் திரும்பிப் போகிறார்கள்.

2021ல் ஹால் வைட்ஹெட், டிம் ஸ்மித், லூக் ரெண்டல் மூவரும் டிஜிட்டல் ஆக்கப்பட்ட லாக் புக் பதிவுகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வட பசிபிக்கின் ஒரு பகுதிக்கு வேட்டைக்காரர்கள் புதிதாக வந்த முதல் இரண்டரை வருடங்களுக்குள், பார்த்த திமிங்கலத்தில் ஈட்டி எறிய முடிந்த விகிதம் 58 சதவீதம் குறைந்திருக்கிறது. அனுபவசாலி வேட்டைக்காரர்கள் முதலில் வந்து, கற்றுக்குட்டிகள் பிறகு வந்தார்களோ என்று சோதித்தார்கள், கணக்கு ஒத்துவரவில்லை. எளிதில் மாட்டியவை முதலில் செத்துவிட்டனவோ என்று பார்த்தார்கள், அதுவும் போதவில்லை. அவர்கள் கைகாட்டும் விளக்கம், திமிங்கலங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொண்டன என்பது. வால் முத்திரை குத்திய மேட்டுக்கு அது ஒரு ஏமாற்றம். அந்த ஏமாற்றங்களைக் கூட்டிப் பார்த்தால், எதிர்ப்பக்கம் ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது தெரிகிறது.

கடைசியாக, காற்று. வணிகக் கப்பல்கள் குறிப்பிட்ட பாதையிலேயே போய்வரும். திமிங்கலக் கப்பல்களோ யாரும் போகாத தெற்குக் கடல்களில் வாரக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த இடங்களுக்கு 19ஆம் நூற்றாண்டின் வானிலைப் பதிவு வேறு எங்கும் கிடைப்பது அரிது. வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் கரோலின் உம்மன்ஹோஃபரும், மாசசூசெட்ஸ் டார்ட்மத் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் டிமதி வாக்கரும் நியூ இங்கிலாந்தின் சேகரிப்புகளிலுள்ள லாக் புக்குகளிலிருந்து காற்றுக் குறிப்புகளைத் திரட்டுகிறார்கள். மேட் எண்ணெல்லாம் எழுதவில்லை. 'மெல்லிய காற்று', 'பலத்த காற்று' என்றுதான் எழுதினார். அந்தச் சொற்களை போஃபோர்ட் அளவுகோலின் எண்களோடு பொருத்துகிறார்கள். 'ஓல்டு வெதர்' என்ற திட்டத்தில் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தபடியே இந்தக் கையெழுத்துகளைப் படித்து, ஆர்க்டிக் பனி பற்றிய குறிப்புகளைத் தட்டச்சு செய்தார்கள்.

"காற்று, பாய், ஒன்றும் இல்லை" என்றேனே, அந்தப் பக்கங்கள்தான் இன்று தேவைப்படுகின்றன. 1903ல் சங்கம் தொடங்கியவர்களுக்குப் பருவநிலை மாற்றம் என்ற சொல்லே தெரியாது. குடும்பப் பெருமைக்காகச் சேர்த்தார்கள். திமிங்கலம் பிடித்த நாட்களை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மற்றதை எறிந்திருந்தால் அன்றைக்கு யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள்.

*

ஆனால் எறியாமல் வைத்ததோடு வேலை முடிவதில்லை. லாக் புக்கை டேட்டாபேஸில் ஏற்றுவது எவ்வளவு வில்லங்கம் என்பது என்னைப் போன்றவர்களுக்குத்தான் புரியும்.

தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கடல் வழக்கத்தில் நாள் நள்ளிரவில் மாறாது, நண்பகலில் மாறும். லாக் புக்கில் 5ஆம் தேதி என்று தொடங்கும் குறிப்பு, கரையில் இருப்பவருக்கு 4ஆம் தேதி மதியம். சிலர் அப்படி எழுதினார்கள், சிலர் கரைக் கணக்கில் எழுதினார்கள். டைம்ஸோன் பிழையில் இரவெல்லாம் கண்விழித்த எவருக்கும் இது அடிவயிற்றைக் கலக்கும். நிபுணர் சொல்லும் வழி எளிமையானது: எழுதினதை எழுதினபடி ஒரு இடத்தில் வை, திருத்தத்தைப் பக்கத்தில் தனியாக வை. ஒன்றின் மேல் ஒன்றை எழுதாதே.

நியூ பெட்ஃபோர்டும் மிஸ்டிக்கும் சேர்ந்து நடத்தும் திமிங்கல வரலாற்றுத் தரவுத்தளத்தில் 15,000க்கும் அதிகமான அமெரிக்கப் பயணங்கள் இருக்கின்றன. மார்கனை விட்டுக்கொடுத்த ஊரும் வாங்கிக்கொண்ட ஊரும் ஒரே அட்டவணையில் வேலை செய்கின்றன என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. முழுவதையும் யார் வேண்டுமானாலும் தரவிறக்கிக்கொள்ளலாம். நானும் இறக்கினேன். கூடவே கப்பல் ஊழியர் பட்டியல்களும் உண்டு: பெயர், வயது, உயரம், தோல் நிறம், முடி நிறம், ஊர்.

அந்தப் பெயர்களில்தான் என் கண் நின்றது. திமிங்கலக் கப்பல்களில் அசோர்ஸ் தீவுகளிலிருந்தும் கேப் வெர்டே தீவுகளிலிருந்தும் நிறையப் பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்கள் சொன்ன போர்த்துகீசியப் பெயரைத் துறைமுக எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதினார். பெரேரா பெர்ரி ஆனார், ரோட்ரிகஸ் ரோஜர்ஸ் ஆனார். ஊருக்குத் திரும்பாமல் நியூ பெட்ஃபோர்டிலேயே தங்கியவர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். தாத்தாவின் தாத்தாவைத் தேடி வருபவர் பெரேரா என்று தட்டினால் பதில் வராமல் போகலாம். பாஸ்போர்ட் ஆபீசில் இனிஷியலை விரித்து, அப்பா பெயரையே சர்நேமாகச் சுமந்து, அமெரிக்காவில் எல்லோரும் என்னை என் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆறு மாதத்தில் இது எனக்கு நன்றாகவே விளங்கியது.

இங்கே எழுத்தரின் பிழையைத் திருத்தலாமா? திருத்தினால் ஆவணம் பொய்யாகும். திருத்தாவிட்டால் வாரிசுக்குக் கதவு திறக்காது. ஆவணத்தைத் தொடாமல், தேடுகிறவருக்கு மட்டும் இரண்டு பெயரையும் இணைத்துக் காட்டும் ஒரு வழி வேண்டும். அதை நிரல் மட்டும் செய்துவிடாது. 'பெர்ரி என்பது எங்கள் பெரேராதான்' என்று சொல்ல அந்த வீட்டு மனிதர் ஒருவர் வர வேண்டும். அவர் உள்ளே வரத் தயங்காத இடமாக அருங்காட்சியகம் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஜனவரியிலும் மோபி டிக் நாவலை இருபத்தைந்து மணி நேரம் விடாமல் பொதுமக்களே மாற்றி மாற்றி வாசிக்கும் நிகழ்ச்சி அங்கே நடக்கிறது. அதைக் கொண்டாட்டம் என்று மட்டும் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், ஆராய்ச்சிக்கும் அதுதான் வாசல். ராத்திரி மூன்று மணிக்கு வாசிக்க வந்தவர் அடுத்த வாரம் தன் வீட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்.

*

கிளம்பும் முன் நுழைவு மண்டபத்தில் தொங்கும் நீலத் திமிங்கல எலும்புக்கூட்டின் கீழ் கொஞ்ச நேரம் நின்றோம். 1998ல் எண்ணெய்க் கப்பல் ஒன்றில் அடிபட்டுச் செத்த குட்டி. குட்டி என்றாலும் 66 அடி. இத்தனை வருடம் கழித்தும் எலும்பிலிருந்து எண்ணெய் கசிகிறது. துடைத்துவிடாமல், சொட்டுவதை ஒரு குடுவையில் பிடித்து வைத்திருக்கிறார்கள். எதற்கு ஆகும் என்று கேட்டால் பதில் இருக்குமா தெரியாது.

ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தக் கணக்கரை ஒருமுறை கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ போச்சே தம்பி," என்றார். பிறகு அவராகவே, எந்த மூலையில் ஒழுகும், எந்த மாதத்தில் எலி வரும் என்று நாற்பது நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் இடையில் குறுக்கிடாமல், அவர் சொன்ன வரிசையிலேயே, அவர் சொன்ன வார்த்தையிலேயே தட்டச்சு செய்தேன். புதிய மென்பொருளில் இப்போது 'ரிமார்க்ஸ்' என்று ஒரு பத்தி இருக்கிறது. தலைப்பை யாரோ அவசரத்தில் 'ரிமாக்ஸ்' என்று அடித்துவிட்டார்கள். நான் அதைத் தொடவில்லை.